ரோஸ் கலர் விதையில் ஒரு மயில்

என் தொண்டை ஊரறிந்தது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் படிக்கட்டில் தொங்கியபடியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்துக் கொடுத்து, வேறு மாதிரிப் பேசவே மறந்துபோயிற்று. மெதுவாகப் பேசுங்கள் என்று யாராவது சொன்னால், மெதுவாகத்தானே பேசுகிறேன் என்று கத்துவேன். ஓய்வு பெற்று, குன்னத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போட ஆரம்பித்த பிறகும் அது மாறவில்லை. சோளக்காட்டில் நின்று நான் கூப்பிட்டால் என் மனைவிக்கு அடுப்படியில் கேட்கும். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

போன கோடையில் மகள் தன் இரண்டு பெண்களையும் கொண்டுவந்து விட்டாள். சென்னையில் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி லீவு விட்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து.

பஸ் ஏறும்போது மகள் சொன்னாள்: "அப்பா, போனை மட்டும் கையில குடுத்துறாதீங்க. எதாச்சும் கையால செய்ய வையுங்க. படம் போடுறது, ஒட்டுறது, அந்த மாதிரி."

"நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். டூட்டி போட்டுக் கொடுத்த மாதிரி அதை எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. வெங்காயத்தை மூட்டை கட்டியதில் உதிர்ந்த தோலையெல்லாம் பானையில் போட்டுக் காய்ச்சினோம். என் பழைய வேட்டியைக் கிழித்து, அங்கங்கே கூழாங்கல்லை வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, அந்தத் தண்ணீரில் ஊறப்போட்டோம். பிரித்துப் பார்த்தால் மஞ்சளும் காவியுமாக வட்ட வட்டமாய்ப் பூ. இரண்டும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றி வந்தன. மக்காச்சோளத் தோகையில் பொம்மை செய்தோம். சோளக் கட்டைகளை வரிசையாகக் கோத்து பஸ் ஓட்டினோம். நான் டிக்கெட் கொடுத்தேன். பெரியவள் எதையும் அளந்து, யோசித்து, நேராகச் செய்கிறவள். சின்னவள் எந்தப் பொருளையும் முதலில் வாயில் வைத்துத்தான் பார்ப்பாள். தோகைப் பொம்மையின் தலையைக்கூடச் சப்பிப் பார்த்தாள்.

பெரியவளுக்கு மயில் ஒன்று செய்ய ஆசை. எங்கள் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை. காலையில் வீட்டு ஓட்டின்மேல் வந்து நின்று அகவும். "தாத்தா, தானியம் ஒட்டி மயில் செய்யலாமா? ஸ்கூல்ல மிஸ் பறவை செய்ய வச்சாங்க" என்றாள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, அவள் உயரத்துக்கு ஒரு மயிலை நான் கரியால் வரைந்தேன். கழுத்துக்குப் பாசிப்பயறு, உடம்புக்குக் கொள்ளு, காலுக்கு உளுந்து என்று அவள் திட்டம் போட்டாள். தோகையில் இருக்கும் கண்களுக்கு மட்டும் பளிச்சென்று ஒரு நிறம் வேண்டும் என்றாள்.

"இருக்கற பருப்பையெல்லாம் அட்டையில ஒட்டிட்டா குழம்புக்கு அட்டையத்தான் போடணும்" என்று என் மனைவி முணுமுணுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. உன் பருப்பு யாருக்கு வேண்டும் என்று விறுவிறுவென்று சாமான் அறைக்குள் போனேன். புரட்டாசியில் விதைத்ததுபோக மீந்த மக்காச்சோள விதை ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் இருந்தது. நல்ல ரோஸ் கலர். கடையில் விற்கும் வீரிய ஒட்டு விதைக்கெல்லாம் பூச்சிக்கொல்லி பூசி இப்படிச் சாயம் ஏற்றித்தான் கொடுக்கிறார்கள். சாயம் எதற்கென்றால், யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்பதற்கு.

எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். விதைப்புக்கு மறுநாள் எங்கள் வரப்பில் பெட்டை மயில் ஒன்று காலை நீட்டிக் கிடந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பி நடந்தோம். வனத்துறை வந்தால் வம்பு. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆனாலும் ஜாடியை எடுத்து வந்தேன். ஒட்டுவதற்குத்தானே, தின்பதற்கா என்று என் மனம் சமாதானம் சொன்னது. இரண்டு பேத்திகளையும் எதிரில் நிறுத்தி, ஆள்காட்டி விரலை நீட்டி, "இத மட்டும் எவளாச்சும் வாயில வெச்சீங்கன்னு தெரிஞ்சுது, முதுகுத் தோலை உரிச்சிப்புடுவேன், ஆமா!" என்றேன். எங்கள் வீட்டில் நல்ல வார்த்தை சொல்வதே அப்படித்தான். பெரியவள் வேகமாகத் தலையாட்டினாள். சின்னவள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை. நான் என்ன செய்வேன் என்பதை மட்டும் சொன்னேன்.

மயில் உருவாகி வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு மயில். அதன் தோகையில் ரோஸ் கண்கள் வெயிலில் மின்னின. அட்டையை உள்சுவரில் ஆணியடித்து மாட்டினேன். போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "சூப்பர்ப்பா" என்று பதில் வந்தது. அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அதற்கப்புறம் வெயில் ஏறியது. கரிசல் மண் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மத்தியானத்தில் தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்காது. அப்படி ஒரு மத்தியானத்தில் என் மனைவியின் கோழி ஒன்று வாசலில் சுற்றிச் சுற்றி வந்து, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு விழுந்தது. மறுநாள் இன்னொன்று.

"என்னாங்க, கோழி இப்படி விழுவுது?" என்றாள்.

"கோடையில வெள்ளைக் கழிச்சல் வராம பின்ன என்ன வரும்? புதுசா கேக்கற" என்று அதட்டினேன்.

"கழிச்சல்னா ஒரு நாளாச்சும் தூங்கிக்கிட்டு நிக்கும். இது காலையில நல்லாத்தான் மேஞ்சுது."

ஜாடியைத் திறந்தபோது வாசல் பக்கம் கொஞ்சம் விதை சிந்தியிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. வந்த நினைவை அப்படியே தள்ளிவிட்டேன். அதை ஒப்புக்கொண்டால் அவளிடம் பதில் சொல்ல வேண்டும். கோழியைப் புதைத்துவிட்டுக் கை கழுவினேன்.

மயிலின் நிறமும் குறைந்துகொண்டே வந்தது. தோகையின் கீழ்ப்பக்கத்துக் கண்கள் வெளிறிப்போய், சாதாரணச் சோளம் போல மஞ்சளாய் நின்றன. மேலே இருந்தவை அப்படியே இருந்தன. ஜன்னல் வெயில் கீழேதான் படுகிறது, அதனால் சாயம் போகிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அடுத்த நாள் பார்த்தால் கீழே இருந்தவையும் மறுபடி சிவந்திருந்தன. பெரியவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ கலர் குடுத்தியா?"

தலையாட்டினாள்.

"அடி கெட்டிக்காரி!" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. என் கை படும்போது தோளைக் குறுக்கிக்கொண்டாள். என் தட்டு கொஞ்சம் பலமாகத்தான் விழும். அதனால் என்று நினைத்தேன்.

சின்னவள் உதடு அந்த வாரம் முழுக்கச் சிவந்தே இருந்தது. "குச்சி ஐஸ் வாங்கிக் குடுத்தீங்களா புள்ளைக்கு?" என்று மனைவி கேட்டாள். நான் வாங்கிக் கொடுக்கவில்லை. அவள் வாங்கிக் கொடுத்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். வண்டிக்காரன் தினமும் மணியடித்துக்கொண்டு போகிறான், பக்கத்து வீட்டில் யாராவது கொடுத்திருப்பார்கள் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். கண்ணாடி முன்னால் நின்று சின்னவள் உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்துக்கொள்வாள். "பாருடி, கல்யாணப் பொண்ணு வந்துட்டா" என்று நான் கேலி செய்வேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு நாள் காலையில் சின்னவள் சாப்பிடவில்லை. வயிறு வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். மாம்பழம் தின்ற சூடு என்று மனைவி மோரில் சீரகம் போட்டுக் கொடுத்தாள். அதையும் வாந்தி எடுத்தாள். மத்தியான வெயிலில் அவள் உடம்பு சில்லென்று வேர்த்தது. பாயில் கிடந்தவளைத் தூக்கி உட்கார வைத்தால் தலை நிற்கவில்லை. கை விரல்கள் மட்டும் துடித்துத் துடித்து அடங்கின.

பெரியவள் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூஞ்சியில் ரத்தமே இல்லை. தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்தேன்.

துண்டை நனைத்துக்கொண்டு வரப் போனவன் மயில் பக்கமாக வந்தேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. கீழ்ப்பக்கத்து விதை ஒன்றை விரலால் தடவினேன். விரலில் குங்குமம் ஒட்டிக்கொண்டது. நகத்தால் கீறினேன். குங்குமத்துக்கு அடியில் விதை மொழுமொழுவென்று வெறும் மஞ்சளாக இருந்தது. யாரோ சாயத்தை முழுக்கச் சப்பி எடுத்திருந்தார்கள். அடுத்ததும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும். சின்னவள் எக்கி நின்றால் கை எட்டுகிற உயரம்வரை எல்லாமே அப்படித்தான். அதற்கு மேலே ஒன்றுகூட வெளுக்கவில்லை.

சாமான் அறைக்கு ஓடினேன். ஜாடியின் மூடி கழன்று கிடந்தது.

அப்போது நான் செய்ததைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. பெரியவள் முன்னால் போய் நின்று கத்தினேன்.

"என்னாடி பண்ணி வெச்சிருக்கீங்க? அவ எவ்வளவு தின்னா? எப்பத் தின்னா? வாயத் தொறந்து சொல்லுடி!"

அவள் உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை.

"சொல்லித் தொலடி! உன் தங்கச்சி செத்துப் போயிடுவாடி!"

கத்தக் கத்த அவள் சுவரோடு சுவராக ஒட்டினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பாவாடை ஈரமாகித் தரையில் தண்ணீர் பரவியது. எட்டு வயதுப் பிள்ளை. எனக்கு அப்போதும் குரலை இறக்கத் தெரியவில்லை. நெஞ்சு முழுக்கப் பயம். அந்தப் பயம் தொண்டைக்கு வந்தால் எனக்குக் கத்தலாகத்தான் வரும். ஒவ்வொரு நொடியும் பாயில் கிடந்தவளிடமிருந்து கழிந்துகொண்டிருந்தது. என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் என்னிடமே வாயைத் திறக்க முடியாமல் நின்றாள்.

சின்னவளை மடியில் வைத்திருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள் என்று சொல்ல மாட்டேன். பேசுவாள், முணுமுணுப்பாள். ஆனால் அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை.

"நீங்க வெளிய போங்க. நீங்க இங்க நின்னா அது சொல்லாது. போங்கன்னா போங்க!"

என் வீட்டை விட்டு என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போனேன். வாசலில், வெயிலில் நின்றேன். உள்ளே பேசுவது கேட்கவில்லை. என் காதுக்கு எட்டாமல் அவ்வளவு மெதுவாக ஒரு பேச்சு என் வீட்டுக்குள் நடக்க முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓட்டின்மேல் மயில் ஒன்று நின்று என்னைப் பார்த்தது. கல்லை எடுத்து எறியக்கூடக் கை வரவில்லை.

மனைவி சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுக்கச் சொல்லி ஏற்கெனவே நான் கூவியிருந்தேன். அந்த ஒன்றுக்குத்தான் அன்று என் தொண்டை உபயோகப்பட்டது. பெரியவளையும் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

போகிற வழியில் மனைவி சொன்னாள், என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. சின்னவள் விதையை எச்சிலில் நனைத்து உதட்டில் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். லிப்ஸ்டிக் மாதிரி சிவந்திருக்கிறது. அதிலிருந்து தினமும் அதே வேலை. சப்பிவிட்டு விதையைத் துப்பிவிடுவாள். பெரியவள் பார்த்துவிட்டாள். தாத்தாவுக்குத் தெரிந்தால் தங்கச்சி முதுகுத் தோலை உரித்துவிடுவார் என்று, துப்பிய விதைகளைப் பொறுக்கி, மறுபடி பசை தடவி ஒட்டி, சாமி மாடத்துக் குங்குமத்தைக் குழைத்துப் பூசியிருக்கிறாள். தங்கச்சியைக் காப்பாற்றியிருக்கிறாள், என்னிடமிருந்து. அன்று காலையில் சின்னவள் ஜாடியையே திறந்து கைநிறைய அள்ளி, கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். வாந்தி எடுக்க ஆரம்பித்ததுமே பெரியவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதிலிருந்து மத்தியானம்வரை அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு கதவோரமாக நின்றிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன விதை? பாக்கெட் இருக்கா?" என்று கேட்டார். பாக்கெட்டை விதைப்பன்றே கொளுத்தியாகிவிட்டது. கையோடு எடுத்து வந்திருந்த ஜாடியைத்தான் நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஐயா, சத்தம் போடாதீங்க. இது குழந்தைங்க வார்டு" என்றார்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். மூக்கில் குழாய் போட்டார்கள். ஊசி போட்டார்கள். இந்த விஷத்துக்கென்று தனியாக மாற்று மருந்து ஒன்றும் கிடையாது, உடம்பு தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்று மனைவியிடம் சொன்னார். காலையில் வாந்தி எடுத்தபோதே கொண்டுவந்திருந்தால் நல்லது என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதையே பார்த்தேன். ஒவ்வொரு முறை இறங்கியபோதும் மறுபடி ஏறுமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இவள் போய்விட்டால் அந்தப் பாவத்தைப் பெரியவள் ஆயுசுக்கும் சுமப்பாள் என்று தோன்றியது. நான் செத்த பிறகும் சுமப்பாள். அது என் பாவம் என்று அவளுக்கு யார் சொல்வது?

பிழைத்துக்கொண்டாள். மகள் சென்னையிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது சின்னவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். மகள் என் பக்கம் திரும்பாமல் பிள்ளையின் கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை. மயிலை நான் போய்க் கழற்றிக் குழி தோண்டி ஆழமாகப் புதைத்தேன். அந்த ஜாடியையும் புதைத்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுச் சென்னைக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள் மகள். சின்னவள் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். நடந்தது எதுவுமே அவளுக்கு நினைவில்லை. என் மடியில் வந்து உட்கார்ந்து மீசையை இழுத்தாள்.

கிளம்புகிற அன்று காலையில் பெரியவள் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். மனைவிதான் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும். நிலைப்படி தடுக்கி, டம்ளர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. காப்பி அவள் காலிலேயே கொட்டியது. சூடாகத்தான் இருந்திருக்கும். அவள் காலைப் பார்க்கவில்லை. டம்ளரையும் பார்க்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

பரவாயில்லை என்று சொல்ல வேண்டும், ஒன்றுமில்லை கண்ணு என்று சொல்ல வேண்டும். உலகத்திலேயே மெதுவான குரலில் அதைச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"பரவால்லடா கண்ணு" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தோளைக் குறுக்கி, அடி விழுவதற்காகக் காத்திருந்தாள்.